ஜன்னல் சட்டத்தில் பச்சைத் தூள்: ஈயப் பெயிண்ட் இருக்கும் வாடகை வீடும் நம் கையில் இருக்கும் சட்டமும்

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள், கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அட்வான்ஸ் எத்தனை மாசம். நம்ம மலையில் கூடுதலாக இரண்டு கேட்போம்: மழைக்குச் சுவர் ஓதம் காக்குமா, வீட்டுக்குள் வெயில் விழுமா. ஜன்னலிலும் கதவிலும் இருக்கிற பெயிண்ட் எந்தக் காலத்தது என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பழைய பெயிண்டில் ஈயம், அதாவது காரீயம், இருக்கலாம், உடம்பில் ஏறினால் அது விஷம். கைக்குழந்தையோடு வீடு தேடுகிறவர்களும் மாசமாக இருக்கும் பெண்களும் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. குன்னூரில் இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழுவோடு சேர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்களில் ஒருத்தி. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது, பயந்து நிற்பவர்களோடு கூடப் போய் உட்காருவது, இதுதான் என் வேலை. நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். இங்கே எழுதியிருப்பது அந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் வந்தது.

பழைய பங்களாக்களைப் போர்ஷன் போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விடுவது குன்னூரில் ரொம்ப நாளாக நடக்கிறது. அப்பர் குன்னூர், பெட்போர்டு பக்கமெல்லாம் நடந்து பார்த்தால் தெரியும், வெளியிலிருந்து ஒரே வீடு, உள்ளே நாலு குடும்பம். மலைப்பகுதிக் கட்டட விதிகள் கடுமையானவை, இடித்துக் கட்ட அனுமதி வாங்குவது லேசில்லை, அதனால் இருப்பதை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் பழைய பெயிண்டுக்கு மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடுவார்கள். இப்படிப் பல தலைமுறையாக அடித்த ஜன்னலை, உடைந்த ஓரத்தில் உற்றுப் பாருங்கள். மேலே கிரீம், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் வேறொரு பச்சை, கடைசியில் மரத்தை ஒட்டித் தடியாக ஒரு வெள்ளை. தகரக் கூரையிலும் இதே கதைதான். துருப்பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கிற சிவப்புப் பிரைமரில் ஈயம் இருப்பது அந்தக் காலத்தில் சாதாரணம்.

இருந்துவிட்டுப் போகட்டும், சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பெயிண்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. இங்கே பிரச்சினையைக் கிளப்புவது ஈரம். சமவெளி வெயிலில் வருஷக்கணக்காக அசையாமல் இருக்கும் பெயிண்ட் இங்கே ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு வந்துவிடும். மரமும் தண்ணீர் குடித்து ஊதிக்கொள்ளும். ஊதின ஜன்னல் கதவைத் தோளால் இடித்துத் திறக்கிறோம், இழுத்துச் சாத்துகிறோம், ஒவ்வொரு தடவையும் பெயிண்டும் பெயிண்டும் உரசிக் கீழ்ச் சட்டத்தில் நைஸாக ஒரு தூள் விழுகிறது. செதில் செதிலாக விழுவது கண்ணுக்குத் தெரியும், பெருக்கி எடுத்துவிடலாம். கையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் இந்தத் தூள்தான் குழந்தைக்கு எமன். நடக்கப் பழகுகிற பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்? ஜன்னல் சட்டத்தைத்தான். எழுந்து நின்று ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்க்கும், பார்த்துக்கொண்டே கையை வாயில் வைக்கும். ஈயக் கூட்டுப்பொருள்கள் சிலது இனிப்பாக வேறு இருக்கும்.

காரீயத்தைப் பெயிண்டில் சேர்த்தது நிறத்துக்கும் பளபளப்புக்கும் சீக்கிரம் காய்வதற்கும். அது ஆபத்து என்று தெரியாத காலமும் இல்லை. சில விலக்குகளோடுதான் என்றாலும், கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளைப் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1921லேயே உடன்படிக்கை கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை 1978இல் தடை செய்தது. நம் நாட்டில் விதி வந்தது 2016 நவம்பரில், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல்: வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது, அதை டின்னின் லேபிளில் போட வேண்டும். அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயிண்ட் எதையும், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்களை, சோதிக்காமல் நம்ப முடியாது. விதி வந்த பிறகும் சில சிறு கம்பெனிகளின் பெயிண்டில் அளவு மீறியிருந்ததை டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு சோதித்துக் காட்டியிருக்கிறது.

உடம்புக்கு என்ன செய்யும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்று அதன் 2021 வழிகாட்டுதல் சொல்கிறது. விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருக்கிற உடம்பில் இன்னும் அதிகம் ஏறும். மூளை வளர்கிற வயதில் இது செய்யும் கெடுதல் பிறகு சரியாவதில்லை. ஈயத்தை வெளியேற்றுகிற மருந்தைக் குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம், அதற்கு மேல் போனால்தான் பரிந்துரைக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியம் என்றால் சத்தான சாப்பாடும், ஈயம் வருகிற வழியை அடைப்பதும்தான். அதாவது வீட்டைச் சரி செய்வது இங்கே மருந்துச் சீட்டின் ஒரு பகுதி. யுனிசெஃபும் ப்யூர் எர்த் என்ற தொண்டு அமைப்பும் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி அந்த 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகள் உலகத்தில் சுமார் 80 கோடி, அதில் 27 கோடிக்கும் மேல் இந்தியாவில். எல்லாம் பெயிண்டால் வந்தது இல்லை. பழைய பேட்டரி உருக்குகிற இடங்கள், நிறத்துக்காக மஞ்சள் தூளில் கலக்கிற ஈயக் குரோமேட், சில பாத்திரங்கள், சில கண் மைகள் என்று வழிகள் பல. இது சட்டத்துக்கும் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்களிடம் வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பையனுக்கு இரண்டு வயசு நெருங்குகிறது, இரும்புச்சத்து சிரப் மாசக்கணக்கில் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை, வயிறு வலி என்று அழுகிறான், பேச்சு தாமதம். கோயம்புத்தூரில் காட்டியபோது அந்த டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டு ஈயத்துக்கு ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதை நினைத்த டாக்டர் கிடைத்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை யாருக்கும் தோன்றுவதே இல்லை. முடிவு இரட்டை இலக்கத்தில் வந்தது.

"அக்கா, வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். நானே இந்த வீட்லதாம்மா பொறந்து வளர்ந்தேன், எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாரு. புடிக்கலைன்னா காலி பண்ணிக்கோங்கங்கறாரு. அட்வான்ஸ் குடுத்து வேற வீடு பாக்க எங்களுக்கு எங்க வசதி?"

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. வயசானவர், மகனோடு சமவெளியில் இருக்கிறார், இந்த வாடகைதான் அவருக்குப் பென்ஷன் மாதிரி. தன் அப்பா கட்டின வீட்டில் விஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். ஆனால் அவர் நல்லவரா கெட்டவரா என்பது அந்தக் குழந்தையின் ரத்தத்துக்குத் தெரியாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். முதலில் சொல்ல வேண்டியது கசப்பானது. வாடகை வீட்டில் இருக்கும் பழைய ஈயப் பெயிண்டைப் பற்றி நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2016 விதி கடையில் விற்கிற டின்னைக் கட்டுப்படுத்துகிறது, உங்கள் ஜன்னலில் ஏற்கெனவே காய்ந்து கிடப்பதை அது தொடாது. அமெரிக்காவில் 1992ஆம் வருஷச் சட்டப்படி 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுகிறவர், ஈயப் பெயிண்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லி, எச்சரிக்கைக் கையேடும் கொடுக்க வேண்டும். நியூயார்க் நகரத்தின் 2004ஆம் வருஷச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. 1960க்கு முன் கட்டிய அடுக்குக் குடியிருப்பில் ஆறு வயசுக்குக் கீழே குழந்தை இருந்தால், அந்தப் பெயிண்டில் ஈயம் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு, வருஷத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டியதும் அவர் பொறுப்பு. நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே எல்லாவற்றையும் வாடகைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

அதனால்தான் வருகிறவர்களிடம் நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குழந்தையின் ரத்தத்தை வைத்து வழக்காடாதீர்கள், ஜன்னலை வைத்து வழக்காடுங்கள். கேட்க மனசு வலிக்கும், தெரியும். பெற்ற வயிறு "என் பிள்ளையை இப்படி ஆக்கிட்டாங்களே" என்றுதான் கத்தும். ஆனால் "உங்கள் வீட்டுப் பெயிண்டால்தான் என் பிள்ளைக்கு இது வந்தது" என்று எழுதிய நிமிஷமே அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறிவிடும். மஞ்சள் தூளாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம், முன்பு இருந்த வீடாக இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொல்ல இடமும் இருக்கிறது. உடம்பில் ஏறிய நஞ்சை வைத்து நியாயம் கேட்பது எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது, 591 முன்னாள் தொழிலாளர்களுக்குச் சமரசத் தொகை கைக்கு வர 2016 ஆனது. பெயிண்ட் உரிகிறது, கதவு உரசுகிறது, மரம் ஊறுகிறது என்பதை நிரூபிக்க ஒரு போட்டோ போதும். அதைச் சரி செய்ய வேண்டியது யார் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது.

எங்கே தெளிவாக இருக்கிறது? வாடகைக்கென்று தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2017ஆம் வருஷத்து வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, 1960ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணை பராமரிப்பு வேலைகளைப் பிரித்துப் போடுகிறது. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள், கண்ணாடி மாதிரியானது வாடகைக்காரர் தலையில். கட்டட அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, இதெல்லாம் உரிமையாளர் தலையில். காலி செய்யும்போது அட்வான்சில் ஒரு மாச வாடகையைப் "பெயிண்டிங் சார்ஜ்" என்று பிடித்துக்கொள்கிற வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது, ஆனால் அட்டவணை அந்த வேலையை வைத்திருப்பது உரிமையாளர் பக்கம். எழுத்தில் கேட்டும் அவர் செய்யவில்லை என்றால் வாடகைக்காரர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கவும் வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் இருக்கிற அதிகாரி அவர், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் கேட்டால் சொல்வார்கள்.

இதைவிடப் பழைய ஆயுதம் ஒன்று இருக்கிறது, ரொம்பப் பேர் எடுப்பதில்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவு. வீட்டைக் குடியிருக்கத்தான் வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால், அந்தப் பயன்பாட்டுக்கு இடைஞ்சலான முக்கியக் குறை ஒன்று உங்களுக்குத் தெரிந்து, வாடகைக்கு வருகிறவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவர் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தால், அதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பழுது பார்க்கக் கடமைப்பட்டவர் நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் பார்க்கவில்லை என்றால், வாடகைக்காரரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இது மாறும், அதனால் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஈயம் என்ற சொல் 1882 சட்டத்தில் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறை என்றால் இதைவிடப் பொருத்தமான குறை எது? இன்றைக்கு வீட்டுக்காரர் "எனக்கே தெரியாது" என்று சொல்லலாம். உங்கள் கடிதம் அவர் கைக்குப் போன தேதியிலிருந்து அப்படிச் சொல்ல முடியாது. அடுத்து அந்த வீட்டுக்கு வரப் போகும் குடும்பத்துக்கும் அந்தக் கடிதம் ஒரு பாதுகாப்பு.

அந்தப் பெண்ணுக்காக நாங்கள் எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது, யாருக்காவது உதவும் என்று போடுகிறேன்: "மேற்படி வீட்டின் முன்னறை ஜன்னல்கள் மூன்றிலும் சமையலறைக் கதவிலும் பழைய பெயிண்ட் உரிந்தும் உரசித் தூளாகியும் விழுகிறது. போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். ஜன்னலிலிருந்து எடுத்த பெயிண்ட் துண்டை ஆய்வகத்தில் சோதித்ததில் ஈயம் இருப்பது தெரிந்தது, அறிக்கை நகல் இணைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது. கதவு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்துப் பராமரிப்பது சட்டப்படி தங்கள் பொறுப்பு என்பதால், தூசி பரவாத முறையில் இதைச் சரி செய்து தர வேண்டுகிறேன். வேலையை எப்போது, எந்த முறையில் செய்வீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." அவ்வளவுதான். ரத்த அறிக்கை அதில் இல்லை. அது பைலில் பத்திரமாக இருக்கிறது, தேவைப்பட்டால் எடுக்கலாம். தபாலில் அனுப்பி ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள், அதிலும் அனுப்புங்கள், ஆனால் தபால் ரசீதுக்கு இருக்கும் மரியாதை தனி.

பெயிண்ட் துண்டு எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேல் கோட்டை மட்டும் சுரண்டினால் போன வருஷத்துப் பெயிண்ட்தான் வரும், அதில் ஒன்றும் இருக்காது. மரம் தெரிகிற வரை எல்லா அடுக்கும் சேர்ந்த துண்டாக, லேசாகத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு எடுத்து, ஜிப் கவரில் போட்டு எந்த ஜன்னல் என்று எழுதி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெண்ணின் வீட்டு ஜன்னல் துண்டில் வந்த எண் 90ஐப் போலப் பல மடங்கு. ஒன்றை நினைவில் வையுங்கள்: 90 என்பது புதுப் பெயிண்டுக்கான வரம்பு. பழைய சுவருக்கு என்று நம் சட்டத்தில் வரம்பு எதுவும் இல்லாததால் "விதியை மீறிவிட்டார்" என்று எழுதக் கூடாது, "ஈயம் இருக்கிறது, தூளாகிறது" என்று மட்டும் எழுத வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்களிடம் நான் மெதுவாகப் பேசுகிறேன். 2017 சட்டத்தில் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வது கட்டாயம். அது இல்லை என்பதையே ஒரு காரணமாகக் காட்டி வீட்டைத் திருப்பிக் கேட்க அந்தச் சட்டம் உரிமையாளருக்கு இடம் கொடுக்கிறது. வாய்ப்பேச்சில் குடியிருப்பவர் முதல் கடிதத்தையே சண்டைக் கடிதமாக எழுதினால் குழந்தையோடு தெருவுக்கு வர நேரும். அவர்கள் முதலில் சமரசத்துக்குப் போவதுதான் நல்லது. இன்னொன்று, கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். வாடகை பாக்கி என்றால் கதை முடிந்தது, உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பேச்சு பாக்கியைப் பற்றியே போகும். வங்கி வழியாக, தேதி தவறாமல் கட்டுங்கள். பதிலுக்கு வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது தனிக் குற்றச்சாட்டு, அதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது, உடனே வாடகை அதிகாரியிடம் போகலாம்.

வக்கீலுக்குக் காசு? 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், இன்னும் சிலருக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண் என்றால் வருமானக் கணக்கு பார்ப்பதில்லை. அதனால் மனு மனைவி பெயரில், குழந்தையின் தாயாகப் போகட்டும். கணவர் சம்பளச் சீட்டு எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். வழக்கு போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வைக்கிற வசதி அங்கே உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அப்பீல் கிடையாது என்பதால்தான் அதில் என்ன எழுதுகிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஏனென்றால் ஈய விஷயத்தில் அவசரப்பட்டு ஜெயிப்பது தோற்பதைவிட மோசம். "உரிமையாளர் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும்" என்று மட்டும் எழுதி வாங்கினால் என்ன நடக்கும்? ஒரு பெயிண்டர் வருவார், உப்புத்தாளை எடுத்துப் பழைய பெயிண்டைக் காயக் காயத் தேய்ப்பார், முரண்டு பிடித்தால் புளோ லேம்ப் வைத்துப் பொசுக்கிச் சுரண்டுவார், இரண்டு நாளில் அந்த வீட்டின் பாய், தலையணை, அரிசி டப்பா எல்லாவற்றிலும் ஐம்பது வருஷத்து ஈயம் இறங்கியிருக்கும். புளோ லேம்ப் சூட்டில் ஈயப் புகை வேறு. பையனின் ரத்தத்தில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும்.

அதனால் அந்தப் பெண்ணும் வீட்டுக்காரரும் செய்துகொண்ட சமரசத்தில் வேலை முறையையே எழுதச் சொன்னோம். வீட்டுக்காரரும், கூட வந்த அவர் மகனும் முதலில் முகம் சுளித்தார்கள், ஏன் என்று விளக்கியதும் மகன்தான் முதலில் இறங்கி வந்தார், அவருக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறதாம். வேலை முடியும் வரை தாயும் பிள்ளையும் வேறு இடத்தில் இருப்பார்கள், அந்த நாட்களுக்கு வாடகை இல்லை. உரசுகிற ஜன்னல் கதவுகளைச் சுரண்டாமல் அப்படியே கழற்றிப் புதுக் கதவு மாட்டுவது, ஏனென்றால் சுரண்டுவதைவிட மாற்றுவதில் தூசி குறைவு. ஜன்னல் சட்டங்களில் மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டுவது, காய்ந்த உப்புத்தாளும் நெருப்பும் கூடவே கூடாது. தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பது, சுரண்டினதை அதிலேயே சுருட்டி மூட்டை கட்டுவது, தோட்டத்தில் கொட்டக் கூடாது, அடுப்பில் எரிக்கக் கூடாது. முடிந்ததும் விளக்குமாறு எடுக்காமல் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரையையும் சட்டத்தையும் திரும்பத் திரும்பத் துடைப்பது. புதுப் பெயிண்ட் டின்னில் ஈய அளவு போட்ட லேபிள் இருக்க வேண்டும், பில்லோடு அதன் போட்டோவும் கொடுக்க வேண்டும். பழைய அடுக்கு அப்படியே இருக்கிற சுவர்களை உரிக்காமல் மேலே நல்ல கோட் அடித்து மூடிவிடுவது. இதெல்லாம் அந்தத் தாளில் ஏறியது.

பெயிண்டரைப் பற்றி யாருமே பேசவில்லை, நான்தான் கேட்டேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்கிற மனுஷர் அவர், சட்டையில் படிகிற தூசியோடு வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்குவார். நல்ல மாஸ்க்கும், மாற்றுத் துணியும், கை கழுவ சோப்பும் வீட்டுக்காரர் செலவில் என்று ஒரு வரி சேர்த்தோம். சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

பையனுக்கு மறுபடி ரத்தம் எடுத்தபோது அளவு இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், எலும்பில் படிந்தது மெதுவாகத்தான் வெளியே வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாடகை அதிகாரியிடம் போய் நிற்க வேண்டாம். வேலைக்காகக் கம்பெனி தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டுக்கு 2017 சட்டம் பொருந்தாது. உங்கள் வழி வேறு: 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே வீடு கொடுப்பதும் அதைக் குடியிருக்கத் தகுந்தபடி வைத்திருப்பதும் நிர்வாகத்தின் கடமை, சங்கம் வழியாகவோ நேராகவோ தொழிலாளர் துறைக்கு எழுதலாம். லைன் வீட்டுச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்பு, அதில் பயம் குறைவு. பழைய கதவையும் ஜன்னலையும் தகரத்தையும் பாருங்கள். 15100 உங்களுக்கும் அதே எண்தான்.

புதிதாக வீடு பிடிக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கதவு ஜன்னல்களில் 2017க்கு முந்தைய பெயிண்ட் இருக்கிறதா, இல்லையா என்பது ஒன்று. பழைய பெயிண்டைத் தொடுகிற எந்த வேலையும் வாடகைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, ஈர முறையில்தான் நடக்கும் என்பது இன்னொன்று. நான் கேட்டுப் பார்த்த வீட்டுக்காரர்களில் இதை மறுத்தவர்கள் குறைவு. ஒப்பந்தம் பதிவு செய்யும் அரசு படிவத்திலேயே இந்த இரண்டு வரியும் அச்சாகி வர வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். மனு தயாராகிறது, கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு, கடிதம் எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். இங்கே பெயிண்ட் வேலை நடப்பது தை, மாசி, பங்குனி வெயிலில்தான், சீசனுக்கு முன்னால். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஈர மரத்தில் பிரைமர் பிடிக்காது. ஆனால் பெயிண்ட் உரிவதை நல்ல போட்டோவாக எடுக்க அந்த மழை மாதங்கள்தான் சரி. அப்போதே எடுத்து, கார்த்திகை முடிவதற்குள் கடிதம் கொடுத்துவிட்டால், பதில் வரவும், வராவிட்டால் சட்டப் பணிகள் குழுவில் மனு போட்டு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசவும், பெயிண்டர்களை சீசன் வேலை இழுத்துக்கொள்வதற்கு முன் ஆள் பிடிக்கவும் நேரம் இருக்கும். வரும்போது ஒப்பந்த நகல், வாடகை கட்டின வங்கி விவரம், போட்டோ, தபால் ஒப்புகை, இருந்தால் ஆய்வக அறிக்கை, இவ்வளவும் ஒரு பைலில் கொண்டுவாருங்கள்.